பட்டறைப் பக்கம்: சொட்டு நின்றாலும் கசிவு நிற்கவில்லை

தாங்களே விமானம் கட்டிப் பறப்பவர்களும், பிறர் கட்டியதை வாங்கிப் பறப்பவர்களும் அனுப்பியிருந்த கேள்விகளை மேசையில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே சாமானைப் பற்றியவை. செலக்டர் வால்வு. இடது டேங்கா, வலது டேங்கா, அடைப்பா என்று விமானி கையால் திருப்புகிற, உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கட்டி. நானும் என் வீட்டுக்காரரும் கலிஃபோர்னியாவில் ஹேங்கர் என்கிற வாடகை விமானக் கொட்டகை ஒன்றில் ஒன்பது வருஷம் எங்கள் விமானத்தைக் கட்டினோம். இரண்டு இருக்கைக்கும் நடுவே, தரையோடு தரையாக அந்த வால்வு உட்காரும் இடுக்கில் அவர் கை போகாது, என் கை போகும். அதனால் முதல் நாளிலிருந்தே அது என் பொறுப்பு. இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் ஒரேகானில் இருக்கிறேன். பாகங்களாக விற்கும் கிட் வாங்கிக் கட்டிய விமானம் ஒன்றை, கட்டியவரிடமிருந்து இரண்டு வருஷம் முன்பு வாங்கினேன். தாழ்ந்த இறக்கை, இரண்டு இருக்கை, 160 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்க், டேங்குக்கு 19 காலன். முழுக்க நிரப்பி ராத்திரி நிறுத்தினால் காலையில் செலக்டர் வால்வுக்குக் கீழே கம்பளத்தில் நீலக் கறை. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் சொட்டுவது தானாக நின்றுவிடுகிறது. கைப்பிடியும் திருப்பக் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் உள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பார்த்தேன், கறை குறைந்த மாதிரி தெரிகிறது. அடுத்த மாதம் வருடாந்தரப் பரிசோதனை. அதுவரை டேங்கைப் பாதியாக வைத்துக்கொண்டு பறக்கலாமா? இதை நானே பிரிக்கலாமா, கட்டியவர்தான் பிரிக்க வேண்டுமா?

பதில்: தம்பி, பறக்க வேண்டாம். பேட்டரி வயரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

பாதி டேங்கில் சொட்டு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த வரி அதுதான். உங்கள் விமானத்தில் டேங்க் இறக்கைக்குள் இருக்கிறது, வால்வு தரையில் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். டேங்க் நிறைந்திருக்கும்போது பெட்ரோலின் மட்டம் வால்வைவிட உயரம், அதனால் ஓட்டை வழியாக வெளியே வருகிறது. மட்டம் இறங்கியதும் வெளியே தள்ள ஆள் இல்லை, சொட்டு நிற்கிறது. ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. இப்போது எஞ்சினை ஓட்டுங்கள். தாழ்ந்த இறக்கை விமானத்தில் பம்ப்தான் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. பம்புக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள வால்வுக்குள் இருப்பது உறிஞ்சும் இழுப்பு. பெட்ரோல் வெளியே வந்த அதே வழியில் காற்று உள்ளே போகும். காற்றுக்கு நீலக் கறை கிடையாது. நீங்கள் பத்திரம் என்று நினைத்த பாதி டேங்கில்தான் அது நடக்கும்.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். பறக்க ஆரம்பித்து நாலாவது வருஷம். குளிர்காலம் முழுக்க விமானம் சும்மா நின்றது, வலது டேங்கில் ஐந்து காலன் போலத்தான் கிடந்தது. வசந்தத்தில் முதல் தடவை மேலே போய், வலதுக்குத் திருப்பினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள் நடுங்க ஆரம்பித்தது. எஞ்சின் சத்தத்தில் மாற்றம் இல்லை, முள் மட்டும் ஆடியது. இடதுக்குத் திருப்பினேன், துணைப் பம்பைப் போட்டேன், முள் நின்றது. நேராகக் கீழே வந்து இறங்கினோம். வால்வைச் சுற்றிக் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், காய்ந்த எலும்பு மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிரித்தபோதுதான் கைப்பிடியோடு திரும்பும் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், போயிருந்தது தெரிந்தது.

அடுத்தது நட்டு. கூம்பு வடிவக் கட்டை ஒன்று கூம்புக் குழிக்குள் சுழல்கிற பழைய மாதிரிப் பித்தளை வால்வாக இருந்தால், அந்த நட்டு ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டையைக் குழிக்குள் இறுக்குகிறது. கசிவு குறையும், கைப்பிடி இன்னும் கெட்டியாகும். அடுத்த மாதம் மறுபடி கசியும், மறுபடி கால் சுற்று. இப்படியே போனால் ஒரு நாள் இரண்டு டேங்குக்கும் நடுவில் கைப்பிடி சிக்கிக்கொள்ளும். என்னைக் கேட்டால், ஒழுகுகிற வால்வைவிடத் திரும்பாத வால்வு மோசம். ஒழுகல் தரையில் மூக்குக்குத் தெரியும். திரும்பாதது ஆகாயத்தில்தான் தெரியும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வந்திருப்பது தற்செயல் இல்லை. மசகு காய்ந்து, ரப்பர் காய்ந்து, இரண்டுக்கும் ஒரே வியாதி.

ஆவியையும் மறந்துவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். இருக்கைக்கு அடியில், வயர் ஓடுகிற பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். பேட்டரி வயரை முதலில் கழற்றச் சொன்னது அதற்குத்தான்.

நீங்களே பிரிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில், பிரிக்கலாம். அமெரிக்காவில் அமெச்சூர் கட்டிய பரிசோதனை ரக விமானத்தில் வேலை செய்ய யாருக்கும் தடை இல்லை. வருடாந்தரப் பரிசோதனையில் கையெழுத்துப் போடத்தான் தகுதி வேண்டும். கட்டியவர் தன் விமானத்துக்கென்று வாங்கும் ரிப்பேர்மேன் சான்றிதழ் விமானத்தோடு சேர்ந்து உங்களிடம் வராது. விமான உடல், எஞ்சின் இரண்டுக்குமான ஏ அண்ட் பி சான்றிதழ் உள்ள மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரை மாதக் கடைசியில் கூப்பிடாதீர்கள். பிரித்த வால்வு மேசையில் கிடக்கும்போது கூப்பிடுங்கள். இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் நான் மாற்றி மாட்டிய குழாயை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்திருக்கிறார்.

இனி வேலை. பிரிக்கும் முன்பு எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். மூன்று இடம் உண்டு: தண்டு வெளியே வரும் வாய், உடலும் மூடியும் சேரும் விளிம்பு, குழாய்கள் வந்து சேரும் மூட்டுகள். வால்வு முழுவதையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வெள்ளை டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒவ்வொரு மூட்டிலும் தண்டைச் சுற்றியும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டேங்க் நிறைந்திருக்க ஒரு ராத்திரி விடுங்கள். விமானத்துக்கான 100 எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பது இங்கே உதவும். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் சாயம் காகிதத்தில் நிற்கும். காலையில் எந்தக் காகிதம் நீலமோ அங்கேதான் கசிவு. பல பேர் வால்வைப் பழி சொல்லிக் கழற்றிய பிறகு குழாய் மூட்டுத்தான் குற்றவாளி என்று கண்டிருக்கிறார்கள்.

மூட்டு என்றால் ஸ்பேனரை வைத்து ஒரு இழு இழுக்காதீர்கள். கழற்றிக் குழாயின் விரிந்த வாயைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் இறுக்க இறுக்க நீளும். 3/8 அங்குல மென் அலுமினியக் குழாய்க்கு 75 முதல் 125 அங்குல-பவுண்டு வரை போதும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள். எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று மூட்டைப் பிடித்துக்கொள்ள. ஒற்றை ஸ்பேனரில் திருப்பினால் வால்வின் உடலும் கூடவே முறுக்கும்.

உங்கள் அடையாளங்களைப் பார்த்தால் தண்டுதான் என்று என் மனசு சொல்கிறது. டேங்குகளைக் காலி செய்யுங்கள். ஹேங்கர் கதவைத் திறந்துவைத்து, விமானத்துக்கும் இரும்புக் கேனுக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பி இணைத்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துச் செய்யுங்கள். பிளாஸ்டிக் வாளி ஆகாது, உரசலில் பொறி பிறக்கும். கையுறை போடுங்கள், இந்தப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. குழாய்களைக் கழற்றும் முன் இடது, வலது, எஞ்சின் என்று எழுதிச் சீட்டுக் கட்டுங்கள். கைப்பிடி தண்டில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று கோடு கிழித்துக்கொள்ளுங்கள். சில கைப்பிடிகள் 180 டிகிரி மாறியும் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் முனை காட்டுவது ஒன்று, வால்வு திறப்பது வேறொன்று.

வால்வை வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பிரியுங்கள். சின்னக் குண்டு, சின்ன ஸ்பிரிங் இருக்கும். ஒவ்வொரு நிலையிலும் "டக்" என்று உட்கார வைப்பவை அவைதான், தெறித்துப் போனால் தேடுவது கஷ்டம். ஓ-ரிங்கை மரக் குச்சியால் நெம்புங்கள், ஊசியால் வேண்டாம், ஊசி உலோகத்தைக் கீறும். எங்கள் வால்வில் எடுத்த ஓ-ரிங்கை இன்னும் ஒரு சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. புதிதாக இருக்கும்போது அதன் ரப்பரை வெட்டிப் பார்த்தால் வெட்டுமுகம் முழு வட்டமாக இருக்கும். இதை வெட்டிப் பார்த்தேன், பாதியாக அறுத்த எலுமிச்சம்பழம் போல ஒரு பக்கம் தட்டை. தண்டோடு ஒட்டி நின்று நின்று அந்தத் தட்டை அப்படியே இறுகிவிட்டது. விரலால் அமுக்கினால் திரும்பி எழும்பவில்லை. ஓரத்தில் சிறு வெட்டு ஒன்று. அந்த வெட்டுக்கு நேராக, வால்வின் உட்சுவரில் ஒரு கீறல். கீறலைப் போட்டது எது என்று தேடினேன். அடியில் இரும்புக் கசடு இல்லை, ஓர் அலுமினியச் சுருள், தலைமுடி கனம், அரிசி நீளம். டேங்க் கட்டும்போது துளை போட்ட சீவல். ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை கழுவியிருப்போம், இருந்தும் ஒன்று தங்கிவிட்டது.

உட்சுவரில் கீறல் இருந்தால் நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் புது ஓ-ரிங் போதும். மாட்டினால் புது வால்வு. கூம்புக் கட்டை வால்வில் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைக்கலாம் என்பார்கள். செய்து வெற்றி கண்டவர்களும் உண்டு. நான் செய்ய மாட்டேன். பித்தளையில் அந்தப் பொடி பதிந்துகொண்டு, பிறகு அதுவே அரிக்கும். சில நூறு டாலர் செலவில் புது வால்வு வருகிறது, அந்தப் பணம் இந்த இடத்தில் கணக்கே இல்லை. வேறு மாதிரி வால்வு போடுவதென்றால் மட்டும், விமானத்தின் இயக்க வரம்புகள் எழுதிய தாளை எடுத்து, எரிபொருள் அமைப்பை மாற்றினால் என்ன செய்யச் சொல்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

ஓ-ரிங் கடையில் கிடைப்பதெல்லாம் பார்க்க ஒன்று போலவே இருக்கும். விமான எரிபொருளுக்கான நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குக்கு எம்எஸ் 29513 என்று வரிசை எண். ஹைட்ராலிக் எண்ணெய்க்கானது எம்எஸ் 28775. அளவு ஒன்றே என்பதற்காக ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடாதீர்கள். உறையில் அச்சடித்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மாட்டும் முன், பெட்ரோலில் கரையாத எரிபொருள் வால்வு கிரீஸை விரல் நுனியில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். சாதாரண கிரீஸ் ஒரே வாரத்தில் கழுவிப் போய்விடும், மறுபடி கைப்பிடி கெட்டியாகும்.

பூட்டியாயிற்று. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வால்வை விமானத்தில் மாட்டுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் இருக்குமே ஒரு ரப்பர் பந்து, அதை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் வாயையும் வலது வாயையும் மூடி, இடது வாயில் ரப்பர் பந்தை இணைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை முக்கி மெதுவாக அமுக்குங்கள். கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே அமுக்குங்கள், சில கசிவு திருப்பும்போது மட்டும்தான் வரும். தண்டிலிருந்து குமிழி வந்தால் வெளிக் கசிவு. பிறகு எஞ்சின் வாயைத் திறந்துவிட்டு, கைப்பிடியை வலதில் வைத்து, இடதில் காற்றை அமுக்குங்கள். எஞ்சின் வாயில் குமிழி வந்தால் உள்கசிவு: மூடியிருப்பதாக நீங்கள் நம்பும் டேங்க் மூடவில்லை. அடைப்பு நிலையிலும் இரண்டு பக்கமும் பாருங்கள். எனக்கு முதல் தடவை அடைப்பு நிலையில் மூன்று வினாடிக்கு ஒரு குமிழி வந்தது. மறுபடி பிரித்தேன். ஓ-ரிங் ஒன்று லேசாக முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முழுசாக உலர்த்திய பிறகுதான் விமானத்தில் மாட்ட வேண்டும், தண்ணீர் தங்கக் கூடாது.

மாட்டியதும் துணைப் பம்பைப் போட்டு, கசிவில்லை என்று திருப்திப்பட்டுக்கொள்பவர்கள் உண்டு. உங்கள் மாதிரி விமானத்தில் துணைப் பம்ப் வால்வுக்கு அப்புறம், எஞ்சின் பக்கம் இருக்கிறது. அதைப் போட்டால் வால்வில் அழுத்தம் ஏறாது, இழுப்புத்தான் ஏறும். வால்வைச் சோதிக்க டேங்க் பக்கத்திலிருந்து வர வேண்டும். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு மூடியை மூடி, காற்றுப்போக்கி குழாயில் ரப்பர் பந்தையும், பக்கத்தில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் விட்டும் இணையுங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 70 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம். அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூட வேண்டாம், டேங்கின் தகடு உப்பிக் கெட்டுப்போகும். கம்ப்ரசரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். விடிகாலையில் செய்யுங்கள், வெயில் ஏறினால் அழுத்தமும் தானாக ஏறும். மறுபடி டிஷ்யூ காகிதம் சுற்றி அரை மணி காத்திருங்கள்.

கடைசியாகப் பாய்ச்சல் சோதனை. கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, வெளியில் திறந்தவெளியில் வைத்து, மூக்கை ஏறுமுகக் கோணத்துக்குத் தூக்கி, டேங்கில் குறைந்த பெட்ரோலோடு துணைப் பம்பைப் போட்டு இரும்புக் கேனில் ஒரு நிமிடம் பிடியுங்கள். சான்றளித்த விமானங்களுக்கு, பம்ப் அமைப்பில் முழு விசைத் தேவையைப் போல 125 சதவீதம் வர வேண்டும் என்று 2017 வரை அமெரிக்க விதி எண்ணோடு சொன்னது. நம்மைக் கட்டாயப்படுத்தாது, நாம் பின்பற்றுவது நல்லது. 160 குதிரைத்திறனுக்கு முழு விசையில் மணிக்கு 55 லிட்டர் போல ஆகும். அப்படியானால் நிமிடத்துக்கு 1.15 லிட்டராவது கேனில் சேர வேண்டும். இரண்டு டேங்கிலும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஒவ்வொரு டேங்கிலும் பத்து நிமிடம் தரையில் ஓட்டி, அடைப்பில் திருப்பி, எத்தனை நேரத்தில் நிற்கிறது என்று எண்ணுங்கள். எங்கள் விமானத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் ஓடும்போது ஒன்றரை நிமிடம். நிற்கவே இல்லை என்றால் மறுபடி மேசைக்கு. எல்லாம் முடிந்ததும் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள், ஓ-ரிங் எண்ணையும் சேர்த்து.

கேள்வி: அம்மா, நான் இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் குழாய் உட்காரும் இடத்துக்குள் வருவதே எனக்குப் பயமாக இருக்கிறது. வால்வை இருக்கைக்குப் பின்னால், தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்து, நீளமான தண்டில் கைப்பிடியை மட்டும் வெளியே கொண்டுவரலாமா? ஒழுகினாலும் பின்னாலேயே ஒழுகட்டுமே.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இதே எண்ணத்தால் ஒரு விமானத்தில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

1997 அக்டோபர் 12. பாடகர் ஜான் டென்வர், புதிதாக வாங்கிய லாங்-ஈஇசட் விமானத்தில் கலிஃபோர்னியாவின் மான்டரேயிலிருந்து கிளம்பினார். அந்த ரக விமானத்துக்குப் பர்ட் ருட்டான் வரைந்த வடிவமைப்பில் செலக்டர் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணுக்கு முன்னால் இருக்கும். அந்த விமானத்தைக் கட்டியவர், உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் வரக் கூடாது என்று, கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற எழுத்தும் இல்லை. கைப்பிடி திருப்பக் கடினமாக இருந்தது. புறப்படும் முன் அங்கிருந்த பராமரிப்பு ஊழியரோடு அதைப் பற்றிப் பேசி, பிடி இடுக்கி ஒன்றை மாட்டி நீட்ட முடியுமா என்றுகூடப் பார்த்தார்கள், எட்டவில்லை. பெட்ரோல் நிரப்பிக்கொள்ளவில்லை. கரைக்கு அருகே கடலில் விழுந்து இறந்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, வால்வைத் திருப்ப உடம்பை முறுக்கியபோது தன்னையறியாமல் வலது காலால், வால் சுக்கானைத் திருப்பும் பெடலை அழுத்தியிருக்கிறார், விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று சொன்னது. கைப்பிடி இருந்த இடத்தையும், எழுத்து இல்லாததையும் காரணங்களில் சேர்த்தது.

கட்டியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உங்களைப் போலவே ஒழுகலுக்குப் பயந்தார். ஒழுகலுக்கு மருந்து நல்ல ஓ-ரிங், வருஷா வருஷம் பார்ப்பது. கைப்பிடி மட்டும், தோள் பட்டை இறுக்கிக் கட்டியிருக்கும்போது, கண்ணை வெளியே வைத்துக்கொண்டே எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். நடுவில் நீளத் தண்டு வைக்கிறீர்கள் என்றால் அதில் வரும் ஆட்டத்தைக் கணக்கில் எடுங்கள். கை உணரும் "டக்" வால்வினுடையதாக இருக்க வேண்டும், தண்டினுடையதாக இருக்கக் கூடாது. நான் கைப்பிடி முனையில் சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறேன், அடைப்புக்குப் போக ஒரு பொத்தானைத் தூக்க வேண்டும். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை திருப்பிப் பழகினேன். நீங்களும் இருக்கையைப் பொருத்திய அன்றைக்கே உட்கார்ந்து திருப்பிப் பாருங்கள். இடம் மாற்ற அப்போது சுலபம்.

கேள்வி: கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறேன். செஸ்னா 172 விமானத்தில் இரண்டு டேங்கிலிருந்தும் சேர்ந்து எடுக்கும் நிலை இருக்கிறது. தாழ்ந்த இறக்கை விமானங்களில் ஏன் அது இல்லை?

பதில்: இரண்டு உறிஞ்சு குழாயை ஒன்றாகச் சேர்த்து இளநீர் குடித்துப் பாருங்கள். ஒன்று இளநீரில், இன்னொன்று காலிக் காயில். எவ்வளவு இழுத்தாலும் காற்றுத்தான் வரும். மேல் இறக்கையில் பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது. ஒரு டேங்க் தீர்ந்தாலும் மற்றது குழாயை நிறைத்துக்கொண்டிருக்கும். தாழ்ந்த இறக்கையில் பம்ப் உறிஞ்ச வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால், முதலில் தீர்ந்த டேங்கிலிருந்து வரும் காற்றைத்தான் பம்ப் இழுக்கும், பக்கத்து டேங்கில் பத்து காலன் இருந்தும் எஞ்சின் நிற்கும். மேலே ஒரேகான் தம்பிக்குச் சொன்ன உள்கசிவும் இதே சமாச்சாரம்தான்: மூடாத வால்வு, விமானி கேட்காமலே இரண்டையும் சேர்த்துவிடுகிறது.

கேள்வி: குழாய் மூட்டில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்றலாமா? வீட்டுக் குழாய்க்கு அதுதானே போடுகிறோம்.

பதில்: கூடாது. மரையில் சுற்றிய டேப்பின் நுனி பிய்ந்து, வெள்ளை நூலாகப் போய் கார்புரேட்டர் வாயில் உள்ள சல்லடையில் படியும். எனக்குத் தெரிந்த ஒருவர் சல்லடையிலிருந்து அப்படி எடுத்த நூல் என் விரல் நீளம் இருந்தது. நுனி குறுகிப் போகும் சரிவு மரை உள்ள இடத்துக்கு எரிபொருளுக்கான பசை மருந்து, அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. விரிந்த வாய் மூட்டுக்கு எதுவுமே வேண்டாம், உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்து அடைக்கிற மூட்டு அது. கட்டடச் சாமான் கடையிலிருந்து மூட்டு வாங்கி மாட்டவும் வேண்டாம். அவற்றில் விரிந்த வாயின் சரிவு 45 டிகிரி, விமானத்தில் 37 டிகிரி. மரை சேரும், இறுகும், ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

கேள்வி: கார் பெட்ரோல் போட்டால் ஓ-ரிங் கெடுமா?

பதில்: இங்கே அமெரிக்காவில் பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் சில ரப்பரை ஊத வைக்கும், ஊதிய ஓ-ரிங் கைப்பிடியை இறுக்கும். எத்தனால் தாங்கும் வைட்டான் ஓ-ரிங் உண்டு, அது கடும் குளிரில் விறைக்கும். வால்வு செய்தவர் எதை அனுமதிக்கிறார் என்று பார்க்காமல் மாற்றாதீர்கள்.

கேள்வி: வால்வைச் சரிசெய்து இரண்டு மாதம் ஆகிறது. டிஷ்யூ சோதனையில் சுத்தம். ஆனால் வெயிலில் நின்ற விமானத்தைத் திறந்தால் இன்னும் பெட்ரோல் வாடை அடிக்கிறது. கம்பளத்தை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன்.

பதில்: கம்பளத்தைத் தூக்கி எறியுங்கள். அடியில் ஒட்டிய பஞ்சு மெத்தை குடித்த பெட்ரோல் துவைத்தால் போகாது. அந்த வாடை இருக்கும்வரை புதுக் கசிவு வந்தால் உங்கள் மூக்குக்குத் தெரியவும் தெரியாது. வால்வைச் சுற்றி ஒரு முழத்துக்கு நாங்கள் கம்பளமே போடவில்லை. வெள்ளை வண்ணம் அடித்த வெறும் தகடு. நீலமாக ஒரு புள்ளி விழுந்தாலும் ஏறி உட்காரும்போதே கண்ணில் படும்.